படிக்கட்டுக்குக் கம்பளம்: 54 சதுர அடிக்கு ஏன் இவ்வளவு காசு?

போன வருடம் மாசி மாதம், ரொறன்ரோ ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு ஓக் மரப் படியில் அம்மா சறுக்கினார். மேல் படிகளில் மட்டும் பழைய கம்பளம், கீழ்ப் படிகள் வெறும் மரம். கையில் தேத்தண்ணிக் கோப்பை, காலில் தடித்த கம்பளிச் சொக்ஸ். நாலு படி இருந்தபடியே வழுக்கி வந்து அடிப்படியில் நின்றார். எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் கன்றிய நீலம் மாற ஒரு மாதம் எடுத்தது. வார்னிஷ் பூசிய மரமும் சொக்ஸும் சேர்ந்தால் பாசி பிடித்த கிணற்றடிதான்.

அடுத்த கிழமையே ரன்னர் போடுவதென்று முடிவெடுத்தோம். ரன்னர் என்பது படியின் முழு அகலத்தையும் மூடாமல், இரண்டு பக்கமும் மரம் தெரிய, நடுவால் ஓடுகிற நீளக் கம்பளம். மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டேன். 700, 1183, 1960 டொலர் என்று மூன்றும் மூன்று திசையில் நின்றன. அதே வீடு, அதே 13 படி.

அம்மா கடதாசிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உந்தச் சின்னப் பாய்க்கு ஆயிரத்துச் சொச்சமோ?"

நியாயமான கேள்வி. தெரிந்தவர்களிடம் விசாரித்தால் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொன்னார்கள். அறைக்குக் கம்பளம் போடச் சதுர அடிக்கு இவ்வளவு, படி அதைவிடச் சின்னது, ஆகவே காசும் குறைய வேண்டும், குறையாவிட்டால் கடைக்காரன் ஏமாற்றுகிறான். இந்தக் கணக்கு அடியிலேயே பிழை. படிக்கட்டின் செலவைச் சதுர அடி தீர்மானிப்பதில்லை. எது தீர்மானிக்கிறது என்று தெரிந்தால் மூன்று கொட்டேஷனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நீங்களே வாசிக்கலாம்.

## சாறிச் சட்டைக் கணக்கு

சாறிச் சட்டைக்கு ஒரு மீற்றருக்குள்தான் துணி. துணியின் விலையைவிடத் தையல் கூலி கூட. யாரும் இதை அநியாயம் என்பதில்லை. கை வெட்டவேண்டும், கழுத்து வளைக்கவேண்டும், லைனிங் வைக்கவேண்டும், கொக்கி தைக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மீற்றர் சாறிக்கோ ஓரம் அடித்து ஃபோல்ஸ் வைத்தால் வேலை முடிந்தது. சாறி பெரிய துணி, சின்ன வேலை. சட்டை சின்னத் துணி, பெரிய வேலை.

அறைக்குப் போடும் கம்பளம் சாறி மாதிரி. உருட்டி விரித்து, இழுத்து, சுவரோரம் செருகினால் சரி. படிக்கு ரன்னர் போடுவது சட்டை தைப்பது. ஒவ்வொரு படியிலும் கம்பளத்தை மடிக்கவேண்டும், இறுக்கவேண்டும், அடிக்கவேண்டும், அடுத்த படிக்கு இறங்கவேண்டும். 13 படி என்றால் அந்த வேலை 13 தடவை.

## படி எவ்வளவு நீளம்?

அளவிலிருந்து தொடங்குவோம். முதல் பிழை அங்கேதான் நடக்கிறது.

படியில் மூன்று உறுப்புகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கால் வைக்கும் கிடைப் பலகை மிதிபலகை. இரண்டு மிதிபலகைக்கு நடுவே செங்குத்தாக நிற்பது நிற்பலகை. மிதிபலகையின் முன்விளிம்பு நிற்பலகையைத் தாண்டி ஓர் அங்குலம் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது மூக்கு. கடைக்காரர் இவற்றை ட்ரெட், ரைசர், நோஸிங் என்பார்.

பலர் கைபிடிக் கம்பியோடு ஒட்டி, மேலிருந்து கீழ்வரை சரிவாக அளவுநாடா பிடித்து அளக்கிறார்கள். படி ஒன்று ஏழரை அங்குலம் உயரமும் 10 அங்குலம் ஆழமும் என்று வைப்போம். இது வட அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகக் காணும் அளவு. சரிவாக அளந்தால் ஒரு படிக்கு வருவது பன்னிரண்டரை அங்குலம். 13 படிக்குப் பதின்மூன்றரை அடிதான். ஆனால் கம்பளம் சரிவில் மிதந்து வராது, படியின் உடம்போடு ஒட்டி இறங்கும். மிதிபலகையில் மூக்கோடு சேர்த்து 11 அங்குலம், மூக்கின் கீழால் உள்ளே திரும்பி நிற்பலகையின் அடிவரை எட்டரை அங்குலம், மொத்தம் பத்தொன்பதரை. அதை 13 ஆல் பெருக்கி, உச்சியில் மிதிபலகை இல்லாத கடைசி நிற்பலகையின் ஏழரை அங்குலத்தையும் சேர்த்தால் 261 அங்குலம். ஏறக்குறைய 22 அடி.

பதின்மூன்றரை எங்கே, இருபத்திரண்டு எங்கே! தொலைபேசியில் "13 அடி வரும்" என்று சொல்லி விலை கேட்டவர், கடைக்காரர் வீட்டுக்கு வந்து அளந்தபிறகு விலை ஏறியதும் ஏமாந்ததாக நினைக்கிறார். ஒரு கயிறை எடுத்து ஒரே ஒரு படியில், பலகையோடு ஒட்டி, மூக்கைச் சுற்றி இறக்கிப் பாருங்கள். விசயம் கைக்கே விளங்கிவிடும்.

வெட்டுக்கும் இழுவைக்கும் கொஞ்சம் கூட வேண்டும் என்பதால் 22 அடிக்கு 24 அடி வாங்குவார்கள். பூவோ கட்டமோ போட்ட கம்பளம் என்றால் இன்னும் கூட. துண்டுகள் சேரும் இடத்தில் பூ பூவோடு பொருந்தவேண்டும், பொருந்தும் இடம் வரும்வரை உள்ளது வெட்டிக் கழியும். கரைச் சாறியில் கரை பார்த்து வெட்டும்போது துணி வீணாவது போல.

அகலம் பெரும்பாலும் 27 அங்குலம். இந்த எண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் பழைய கம்பளத் தறிகள் 27 அங்குல அகலத்தில், அதாவது முக்கால் யார் (கெஜம்) அகலத்தில் நெய்தன. பெரிய அறைக்கு வேண்டுமென்றால் அந்தப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்துச் சேர்த்தார்கள். இன்று அறைக் கம்பளம் 12 அடி அகலச் சுருளில் வருகிறது. படி மட்டும் இன்னும் பழைய தறியின் அகலத்தோடு நிற்கிறது.

சுருக்கமாக: 13 நேர்ப் படிக்கு 24 அடி நீளம், 27 அங்குல அகலம். அது 54 சதுர அடி.

## ஓரம் எடுக்கும் காசு

இனி 12 அடிக்கு 12 அடி அறை ஒன்றை நினையுங்கள். பரப்பு 144 சதுர அடி. சுற்றளவு 48 அடி. அந்த 48 அடி ஓரமும் சுவரடியில் போய் மறைந்துவிடும். பிசிர் நின்றாலும் யாருக்கும் தெரியாது.

நம் ரன்னரின் பரப்பு 54 சதுர அடிதான். ஓரமோ இரண்டு பக்கமும் 24 அடி, நுனிகள் இரண்டையும் சேர்த்தால் 52 அடிக்கு மேல். அறையைவிடக் கூட! அதில் ஒரு அங்குலம்கூட மறையாது. வெட்டிய கம்பளத்தை அப்படியே விட்டால் நூல் பிரிந்துகொண்டே வரும். ஆகவே முழுவதையும் கட்டவேண்டும்.

கட்டுவதில் இரண்டு வகை. துணிப் பட்டியை ஓரத்தில் மடித்துத் தைப்பது பைண்டிங். தடித்த நூலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைப்பது சேர்ஜிங், பார்வைக்குப் போர்வை ஓரத் தையல் போல இருக்கும். இரண்டுக்கும் காசு அடிக்கணக்கில். சேர்ஜிங் சாதாரணமாகக் கொஞ்சம் கூட. தறியிலேயே ஓரம் முடிந்து வரும் ரன்னர்களும் உண்டு. அவற்றின் அடி விலை கூடத் தெரிந்தாலும் இந்த 50 அடித் தையல் மிச்சம். "அடி 10 டொலர் மலிவு" என்று சுருளில் வெட்டி வாங்குமுன், ஓரம் கட்டும் காசையும் சேர்த்துத்தான் ஒப்பிடவேண்டும்.

## ஒரு படியில் என்ன நடக்கிறது?

எங்கள் வீட்டுக்கு வந்தவர் முழங்காலில் முண்டு கொடுத்துக்கொண்டு வேலை செய்ததை முதல் மூன்று படிக்கும் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். முதலில் பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு. மரத்தின் நடுவும் கம்பளத்தின் நடுவும் ஒன்றாக வரவேண்டும், கால் அங்குலம் பிசகினாலும் கீழே இறங்க இறங்க அது பாம்பு மாதிரி நெளிந்து காட்டிக்கொடுக்கும். பிறகு ஆணி நுனிகள் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும் மெல்லிய மரச் சட்டம், மிதிபலகையின் பின்பக்கம் ஒன்று, நிற்பலகையின் அடியில் ஒன்று. கம்பளத்தைக் கவ்விப் பிடிப்பது இதுதான். அதன்பிறகு அண்டர்பாட் என்னும் அடிமெத்தை. மூக்கைத் தாண்டி மடித்து ஸ்டேப்பிள் அடித்தார். கம்பளத்தை மேலே வைத்து, மழுங்கிய உளி போன்ற ஒரு கருவியால் மூலைக்குள் அடித்து இறுக்கினார். ஒரு படி முடிந்தது. இன்னும் பன்னிரண்டு.

அந்த அடிமெத்தையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். இங்கேதான் ஆட்கள் பிழையான இடத்தில் தாராளம் காட்டுகிறார்கள். "மெத்தென்று இருக்கட்டும்" என்று தடித்த மெத்தை கேட்பார்கள். படுக்கையறைக்கு அது சரி. படியில் தடித்த மென்மெத்தை போட்டால் மூக்கு உருண்டுபோகும், கால் வைக்கும் விளிம்பு எங்கே முடிகிறதென்று பாதத்துக்குத் தெரியாது. வயதானவருக்கு அது வழுக்கும் மரப் படியைப் போலவே ஆபத்து. மெல்லியதாக, அடர்த்தியாக, ஏறக்குறைய கால் அங்குலத் தடிப்பில் இருப்பதே படிக்கு உகந்தது. அடிமெத்தையே வேண்டாம் என்று மிச்சம் பிடிப்பதும் பிழை. நேரே மரத்தில் உரசும் கம்பளம் மூக்கில் சீக்கிரம் தேயும்.

கூலியை மாற்றும் பெரிய விசயம் மூக்கை எப்படிப் போர்த்துவது என்பது. மூக்கின் மேலால் வந்து, கீழே திரும்பாமல், அருவி மாதிரி நேரே அடுத்த படியில் விழவிட்டால் அது வாட்டர்ஃபோல். மூக்கைச் சுற்றி உள்ளே மடித்து, கீழே ஸ்டேப்பிள் அடித்து, படியின் வடிவம் அப்படியே தெரிய இறுக்கினால் அது ஹொலிவூட். ஹொலிவூட்டுக்குக் கம்பளமும் படிக்கு ஓர் அங்குலம் அளவு கூடப் போகும், நேரமும் கூடப் போகும். என் எண்ணத்தில் படி ஏறி இறங்கும் முதியவர் உள்ள வீட்டுக்கு ஹொலிவூட்தான். விளிம்பு தெளிவாகத் தெரிகிறது, மூக்கின் கீழே வெற்றிடம் இல்லாததால் கம்பளம் அசைவதும் இல்லை.

ஊரில் சீமெந்துப் படி உள்ளவர்கள் இதை வாசித்தால் ஒரு குறிப்பு: இந்த முறை முழுவதும் மரப் படிக்கானது. சீமெந்தில் ஸ்டேப்பிள் இறங்காது, அங்கே பசையும் துளையாணியும் வேண்டும், கூலிக் கணக்கும் வேறு.

சுருக்கமாக: கூலி படியின் எண்ணிக்கையைப் பார்த்துப் போடப்படுகிறது, கம்பளத்தின் பரப்பைப் பார்த்து அல்ல. 200 டொலர் கம்பளத்துக்கும் 2000 டொலர் கம்பளத்துக்கும் 13 படிக் கூலி ஏறக்குறைய ஒன்றேதான்.

## திரும்பும் படி

மாக்கம் நகரில் இருக்கும் மச்சாள் வீட்டில் படி நடுவில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் மூன்று படிகள் முக்கோண வடிவம், உள்பக்கம் ஒடுங்கி வெளிப்பக்கம் விரிந்து, வெட்டிய கேக் துண்டு போல. கடைகளில் பை ஸ்டெப் என்பார்கள். அவருக்கு அந்த மூன்று படிக்கு மட்டும் தனியாகக் காசு கேட்டிருந்தார்கள், அவர் கொதித்துப்போயிருந்தார்.

ஒரு நீளக் கடதாசித் துண்டை மேசையில் வைத்து மூலையில் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். கம்பளமும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு முக்கோணப் படிக்கும் தனித் துண்டு, தனி அளவு, வெட்டிய பக்கத்துக்குப் புதிதாக ஓரம் கட்டு. ஒரு பை ஸ்டெப் வேலை நேர்ப் படி இரண்டு செய்யும் நேரத்தையும் சிலவேளை விழுங்கிவிடும். அந்தக் கூடுதல் காசு நியாயமானது. கொட்டேஷனில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால்தான் பயப்படவேண்டும், வேலை நடக்கும் அன்று அது வந்து நிற்கும்.

## கம்பளத்தை மடித்துப் பாருங்கள்

கம்பளத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது எந்த நூல் என்பதைப் பொறுத்தது. செம்மறிக் கம்பளி நிமிர்ந்து நிற்கும், அழுக்கைக் காட்டாது, விலை கூட. நைலோன் அதற்கு அடுத்தது, மிதிபட்டாலும் மீண்டெழும். பொலிப்புரொப்பிலீன் மலிவு, எளிதில் கறை பிடிக்காது, ஆனால் படுத்தால் எழும்பாது. ஆள் நடமாட்டம் கூடிய வீட்டில் மூக்கில் சீக்கிரமே தட்டையான பட்டை விழுந்துவிடும். சணலைப் படிக்குப் போடவே வேண்டாம், அது தேய்மானம் தாங்காது.

கடையில் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. மாதிரித் துண்டை மேசை விளிம்பில் வைத்து, இழைப் பக்கம் வெளியே தெரியும்படி பின்னால் மடியுங்கள். படியின் மூக்கில் அது அப்படித்தான் நாளெல்லாம் மடிந்து கிடக்கப்போகிறது. இழைகளுக்கு நடுவே அடித்துணி வெள்ளையாகத் தெரிந்தால் அந்தக் கம்பளம் பல்லிளிக்கிறது. தமிழில் நாம் சாயம் போன துணியைச் சொல்வது போலவே ஆங்கிலக் கம்பளக்காரரும் இதைச் சிரிப்பு என்றுதான் சொல்கிறார்கள். அறைத் தரைக்கு நல்லதாக இருக்கிற கம்பளம்கூட இந்த மடிப்பில் தோற்கலாம்.

இன்னொன்று இழை சாயும் திசை. வெல்வெட்டைத் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் சொரசொரப்பு. படியில் மேலிருந்து கீழே தடவும்போது வழவழப்பாக இருக்கவேண்டும். தலைகீழாகப் போட்டால் மூக்கில் இழை பிளந்து நிற்கும், தேய்வும் விரைவு.

## எங்கள் மூன்று கொட்டேஷன்

இப்போது அந்தக் கடதாசிகளுக்கு வருவோம். நாங்கள் எடுத்தது நடுவில் உள்ளது. அதன் கணக்கு இது: ஓரம் முடிந்த நைலோன் ரன்னர் 24 அடி, அடி 22 டொலர், 528. அண்டர்பாட் 70. ஹொலிவூட் கூலி படிக்கு 35, 13 படிக்கு 455. பழைய கம்பளத்தைக் கழற்றி ஸ்டேப்பிள் பிடுங்க 130. கூட்டினால் 1183. அதன்மேல் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி 153 டொலர் 79 சதம். கையிலிருந்து போனது 1336 டொலர் 79 சதம். இது எங்கள் வீட்டு விலை. உங்கள் ஊரில், உங்கள் வருடத்தில் எண்கள் மாறும், உறுப்புகள் மாறாது.

700 டொலர் கொட்டேஷனில் ஒரே வரிதான் இருந்தது: படிக்கு ரன்னர், எல்லாம் சேர்த்து. தொலைபேசி எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொலிப்புரொப்பிலீன், வாட்டர்ஃபோல், அடிமெத்தை இல்லை, பழையதைக் கழற்றுவது எங்கள் பொறுப்பு. வரி வேறு. மலிவு மலிவாக இல்லை, பாதி வேலை வெளியே நின்றது.

1960 டொலருக்குக் கேட்டவர் ஏமாற்றுக்காரரும் அல்ல. அது கம்பளி, 12 அடிச் சுருளில் வெட்டி, ஓரம் முழுவதும் சேர்ஜிங். கூலியும் கழற்றும் காசும் எங்கள் கொட்டேஷனோடு கிட்டத்தட்டச் சமம். வித்தியாசம் முழுவதும் பொருளில் இருந்தது. பத்துப் பதினைந்து வருடம் அதே வீட்டில் இருப்போம் என்றிருந்தால் அதையே எடுத்திருப்பேன்.

பழைய ஸ்டேப்பிள் பிடுங்கும் 130 டொலரை நாங்களே மிச்சம் பிடித்திருக்கலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் குறடும் போதும், ஒரு சனிக்கிழமை போகும். முழங்கால் நல்லாயிருப்பவர்கள் செய்யலாம். ஆனால் ஒரு ஸ்டேப்பிள்கூட மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் புதுக் கம்பளத்தின் அடியில் அது அறுக்கும்.

## மிச்சச் சுருளில் ஒரு வழி

காசு இறுக்கமானவர்களுக்கு நான் இப்போது சொல்வது ஒரு வழி. கடைகளில் அறைக் கம்பளம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூலையில் கிடக்கும், ரெம்னன்ட் என்பார்கள். 12 அடி அகலமும் 5 அடி நீளமும் உள்ள ஒரு துண்டு கிடைத்தால் போதும். 12 அடி என்பது 144 அங்குலம். அதில் 27 அங்குலப் பட்டை ஐந்து வரும், 135 அங்குலம் போக மிச்சம் ஒன்பது. ஒவ்வொரு பட்டையும் 60 அங்குல நீளம். ஒரு படிக்குப் பத்தொன்பதரை என்றால் பட்டைக்கு மூன்று படி, 58 சொச்சம். ஐந்து பட்டைக்கு 15 படி. உங்களுக்கு வேண்டியது 13.

பட்டை பட்டையாக இருந்தால் தையல் தெரியாதா? தெரியாது. ஒவ்வொரு பட்டையும் நிற்பலகை மிதிபலகையைத் தொடும் மூலையில் முடியும், அந்த இடுக்கில் பார்வை போகாது. வெட்டும்போது பட்டை சுருளின் நீளப்போக்கில் ஓடவேண்டும். குறுக்காக வெட்டினால் இழை பக்கவாட்டில் சாயும். பூவில்லாத ஒரே நிறக் கம்பளமாக எடுங்கள், பூவிருந்தால் பொருந்தாது. பிறகும் ஓரம் கட்டவேண்டும், கூலி கொடுக்கவேண்டும். குறைவது கம்பளத்தின் விலை மட்டும். மடித்துப் பார்க்கும் சோதனை இங்கே இரட்டிப்பு அவசியம், ரெம்னன்டைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் வேலை முடிந்தபோது இரண்டடித் துண்டு மிஞ்சியது. வந்தவர் அதைக் குப்பையில் போடவிடவில்லை. பின்பக்கம் மார்க்கரால் இழை சாயும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுத் தந்தார். எந்தப் படியாவது தேய்ந்தாலோ கறை பட்டாலோ அந்த ஒரு படியை மட்டும் வெட்டி மாற்றலாமாம். நிலவறையில் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கிறோம்.